நாயனாவின் காடு

தெனாலி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற லாரிக்கு அடியில் பச்சைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போய் அது மஞ்சளோடு கலந்து, சாக்கடையில் விழும் இடத்தில் இன்ன நிறமென்று சொல்லமுடியாத சேறாகிவிட்டது. சுகுணம்மா புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு அந்தத் தண்ணீரிலேயே நின்றாள்.

"இதுதான் காடு," என்றாள் என்னைப் பார்த்து. "அதோ மஞ்சளா வருதே, அது தர்பார்."

ராத்திரி முழுக்கப் பெய்த மழையில் லாரியின் தார்ப்பாய் கிழிந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. விடிந்து பார்த்தால் நாடகத் திரைகள் இரண்டும் ஊறி, சாயம் இறங்கி, வெறும் துணியாகிவிட்டன.

ஸ்ரீ ரங்கநாயகி நாட்டிய மண்டலியைத் தெரியாத ஊர் அந்தப் பக்கத்தில் கிடையாது. முழுக்க ஒரே குடும்பம். வேஷம் கட்டுகிறவர்கள், தபலாக்காரர், சமைக்கிறவர், டிக்கெட் கிழிக்கிறவர் என்று எல்லாருமே ஒருவருக்கொருவர் அத்தை, மாமன், ஓரகத்தி முறை. சுகுணம்மாதான் தலைவி. அறுபதைத் தாண்டிய பிறகும் எமன் வேஷம் அவளுக்குத்தான். அவள் வசனம் பேசினால் மைக்கை அணைத்துவிடலாம். அவள் தம்பி மாதவராவ் ராஜா வேஷம். ஐம்பது வயசு, தொந்தி, நல்ல சாரீரம், மூக்குக்கு மேல் கோபம்.

எனக்கு குண்டூரில் அச்சுக்கடை. போஸ்டர், கல்யாணப் பத்திரிகை, பெரிய மெஷினில் துணியிலும் பிளெக்ஸிலும் படம் அடித்துக் கொடுப்பது. மண்டலிக்கு ரொம்ப வருஷமாக நான்தான் போஸ்டர் அடிக்கிறேன். தெலுங்குக்காரர்கள் தமிழை 'அரவம்' என்பார்கள்; தமிழன் என்பதால் அங்கே எல்லாருக்கும் நான் 'அரவம்'. சொந்தப் பெயர் எனக்கே சில நேரம் மறந்துவிடும்.

அந்தத் திரைகளை வரைந்தது சுகுணம்மாவின் அப்பா. நாயனா என்றுதான் சொல்வார்கள். பொடிச்சாயத்தை வஜ்ஜிரப் பசையில் குழைத்து, துணியைத் தரையில் விரித்து, அதன்மேல் நடந்துகொண்டே வரைவாராம். காட்டுத் திரை இறங்கினால் முன்வரிசைக் குழந்தைகள் பின்னால் நகர்ந்துகொள்ளும், அவ்வளவு அடர்த்தி. இப்போது அதைப் பிழிந்து கொடியில் போட்டிருந்தார்கள்.

கார்த்திகை பிறந்தால் பாபட்லாவில் மாதம் முழுக்க நாடகம். கொட்டகை போட ஒப்புக்கொண்டவர் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "திரை இல்லாத நாடகத்த யாரும்மா பார்ப்பாங்க? முடியலேன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் பாட்டுக் கச்சேரிக்காரங்கள வெச்சுக்கறேன்." அந்த ஒரு மாதம்தான் மண்டலியின் வருஷச் சாப்பாடு.

மாதவராவ் உடனே என் கடைக்கு வந்துவிட்டான். "அரவம், கம்ப்யூட்டர்ல இருந்து ஒரு காட்ட எறக்கு. ஒரு அரண்மனைய எறக்கு. பெருசா அடிச்சுக் குடு. கத முடிஞ்சுது."

எறக்கினேன். சின்னதாக ஒரு மாதிரி அடித்துக் கொடுத்தேன். சுகுணம்மா அதைக் கொட்டகை மூங்கிலில் மாட்டி, தள்ளி நின்று பார்த்தாள்.

"இது எந்த ஊர் காடுடா? மரமெல்லாம் ஊசி ஊசியா நிக்குது. மூலையில பனி வேற. நம்ம ராஜா மேலுக்குச் சட்டை இல்லாம வர்றவரு. மொத சீன்லயே வெறைச்சுச் செத்துடுவாரு."

"வேற காடு பாத்துக்கலாம்க்கா."

"வேற காடு வேணாம். நாயனா காடு வேணும்."

"அது சாக்கடையில போயிடுச்சு. போய் மொண்டுக்கிட்டு வா," என்றான் மாதவராவ்.

சுகுணம்மா அந்த மாதிரியைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போட்டோ இருக்கு. அந்தத் திரைங்கள அங்குலம் அங்குலமா போட்டோ எடுத்த மனுஷன் ஒருத்தரு இருக்காரு. ரேபல்லில."

மாதவராவ் முகம் மாறிப்போயிற்று. அதுவரை மூங்கில் சீவிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கத்தியை நிறுத்தினார்கள்.

"அந்த வீட்டு வாசப்படிய நான் மிதிக்கமாட்டேன்," என்றான்.

அவர்களுக்கு ஒரு பெரியக்கா உண்டு என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். துளசி. பெரிய நடிகை ஆகியிருக்க வேண்டியவள். ரேபல்லிக்கு மண்டலி போயிருந்தபோது ஆஞ்சநேயுலு என்ற ஸ்டுடியோக்காரர் திரைகளைப் படம் எடுக்கிறேன் என்று வந்து, வந்து, கடைசியில் அவளைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். வேறு சாதி. நாயனா அவளைத் தலைமுழுகினார். அதுகூடப் பரவாயில்லை. நாயனா செத்த அன்று துளசி ஓடி வந்திருக்கிறாள். கொட்டகை வாசலில் மறித்து நின்று, முகத்தைக்கூடப் பார்க்கவிடாமல் திருப்பி அனுப்பியது மாதவராவ். அப்போது அவனுக்கு மீசை அரும்பிய வயசு. நாயனாவின் வார்த்தையைக் காப்பாற்றுவதாக நினைத்தான். அதன் பிறகு அந்தப் பெயரை அங்கே யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் என் வேனில் ரேபல்லிக்குக் கிளம்பினோம். வாசப்படியை மிதிக்கமாட்டேன் என்றவனும் ஏறிக்கொண்டான். "அக்காவத் தனியா அனுப்ப முடியாது, அதான்," என்றான் என்னிடம், நான் ஒன்றும் கேட்காமலே. வழி நெடுக மழை. நெல்வயல்களில் கதிர் சாய்ந்து கிடந்தது.

அந்த வீட்டு முன்னறைதான் பழைய ஸ்டுடியோ. ஆஞ்சநேயுலு எலும்பும் தோலுமாக, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு எழுந்து வந்தார். கை நடுக்கம். குரலில் நடுக்கம் இல்லை.

"வாம்மா சுகுணா. எமனே வீடு தேடி வந்தா நான் என்ன பண்றது? ஒரு மாசம் தவணை குடு."

"போங்க பாவா," என்றாள் சுகுணம்மா. அக்காள் புருஷனை அப்படிக் கூப்பிட அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. கூப்பிட்ட பிறகு அவளுக்கு வாய் கோணிக்கொண்டது.

துளசி சமையலறை வாசலில் நின்றாள். சுகுணம்மா மாதிரியே உயரம், அதே நெற்றி. வந்தவர்களை எண்ணுவதுபோலப் பார்த்துவிட்டு, "வண்டியில யாரு?" என்றாள்.

பதிலுக்குக் காத்திராமல் இலை போட்டாள். முத்தப்பருப்பு, கோங்கூரா துவையல், நெய். நான் சாப்பிட்டேன். சுகுணம்மா பிசைந்துகொண்டே இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் ஆஞ்சநேயுலு சிரித்தார்.

"திரைக்காகவா படம் எடுத்தேன்? ஒரு பொண்ண தினம் படம் எடுக்கறேன்னா காலை உடைப்பாங்க. திரைய எடுக்கறேன்னா உங்க நாயனாவே நாற்காலி போட்டாரு. காலையில வெயில்ல காயப்போடுவாங்க இல்ல, அப்ப எடுப்பேன். அவரு பக்கத்துல நின்னு, 'அந்தக் கிளைய விட்டுட்ட பாரு, அதையும் எடு'ன்னுவாரு. எல்லாம் இருக்கு."

துளசி ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். குடையை விரித்து, தட்டை முந்தானையால் மூடி, வெளியே போனாள். நான் பின்னாலேயே போனேன். வேன் ஜன்னலைத் தட்டினாள். மாதவராவ் இறக்கினான்.

"சாப்பிடு," என்றாள்.

"பசி இல்ல."

"உள்ள வரச் சொல்லல. இங்கயே சாப்பிடு. ஒருத்தர வாசல்ல நிறுத்தினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் யாரையும் நிறுத்தமாட்டேன்."

தட்டை அவன் மடியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நாங்கள் படச்சுருள் பெட்டியோடு வண்டிக்கு வந்தபோது தட்டு காலியாக இருந்தது. இறங்கி, மழையிலேயே குழாயடிக்குப் போய், அதைத் தேய்த்துக் கழுவி வாசப்படியில் வைத்தான். மிதிக்கவில்லை.

துளசியும் எங்களோடு கிளம்பினாள். அவள் வருகிறேன் என்று சொல்லவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. ஆஞ்சநேயுலுதான், "படத்த மட்டும் எடுத்துட்டுப் போய் என்ன செய்வீங்க? கலர் இல்லாத படம் அது. உங்க நாயனாவுக்குச் சாயம் கரைச்சவ இவதான். கூட்டிட்டுப் போங்க," என்றார்.

குண்டூரில் என் கடைக்கு வந்து பெட்டியைத் திறந்தோம். அந்தக் காலத்துப் பெரிய சுருள் அது. ஒவ்வொரு கட்டமும் சதுரம், தீப்பெட்டியைவிடப் பெரியது. வெளிச்சத்தில் பிடித்தால் மரங்கள் வெள்ளை, வானம் கறுப்பு. திரைகளைத் துண்டு துண்டாக, இடமிருந்து வலமாக எடுத்திருந்தார். சில கட்டங்களில் பூஞ்சை நூல் நூலாகப் படர்ந்திருந்தது. சுருண்டு சுருண்டு எழும்பியவற்றைக் கனமான டைரெக்டரிகளுக்கு அடியில் வைத்து நிமிர்த்தினேன். கைக்கு வெள்ளை உறை, ஊதித் தூசி தள்ள ரப்பர் பந்து. மூடிக்குள் விளக்கு இருக்கும் ஸ்கேனர் ஒன்று என்னிடம் இருந்தது. கலர் பிலிம் என்றால் அதுவே தூசியைக் கண்டுபிடித்து அழித்துவிடும். கறுப்பு வெள்ளையில் அந்த வித்தை பலிக்காது. அதில் இருக்கும் வெள்ளியையும் அது தூசி என்று நினைத்துக்கொள்ளும். ஒவ்வொரு புள்ளியையும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி நான்தான் அழிக்கவேண்டும்.

முதல் கட்டத்தை வைத்தேன். இயந்திரம் முனகிக்கொண்டே நிதானமாக நகர்ந்தது. கம்ப்யூட்டரில் வந்ததைத் தலைகீழாக்கியதும் கறுப்பு வெளுத்து, வெள்ளை கறுத்து, ஆலமரம் ஒன்று விழுதுகளோடு வந்து நின்றது.

"அம்மாடி," என்றாள் சுகுணம்மா. "அணில் இருக்கா பாரு. மூணாவது கிளை."

பெரிதாக்கினேன். இருந்தது. கொட்டகையில் உட்கார்ந்து பார்ப்பவர் ஒருவர் கண்ணிலும் படாத அணில். நாயனா அதற்கு மீசைகூட வைத்திருந்தார்.

இப்படியே ஆறு, பாறை, மான் என்று வந்தது. மாதவராவ் கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். காட்டின் கடைசிக் கட்டத்தைப் போட்டபோது, திரையின் விளிம்பை ஒட்டி, மரத்தோடு மரமாக ஒரு பெண் நிற்பது தெரிந்தது. பாவாடை தாவணி, எண்ணெய் வழிய வாரிய தலை. இடுப்பில் ஒரு குழந்தை. கேமராவைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபடுகிற முகம்.

துளசி திடீரென்று, "தப்பு," என்றாள்.

"என்னக்கா?"

"படத்த மாத்தி வெச்சிருக்கே. நான் எப்பவும் எடது இடுப்புலதான் தூக்குவேன்."

பார்த்தால் பிலிமின் பளபளப்பான பக்கத்தை மாற்றிப் போட்டிருந்தேன். காலையிலிருந்து ஸ்கேன் செய்த காடு முழுக்க வலது இடதாகியிருந்தது. விட்டிருந்தால் ராஜா ஒரு பக்கம் வர, ஆறு மறுபக்கம் ஓடியிருக்கும். தலையில் அடித்துக்கொண்டு படங்களைத் திருப்பினேன்.

கதவோரத்திலிருந்து மாதவராவ் முன்னால் வந்தான். கம்ப்யூட்டருக்கு நேராகக் குனிந்தான்.

"யாரு அந்தக் குண்டுப் பையன்?"

சுகுணம்மா சொன்னாள்: "நீதான்டா. வேற யாரு? அம்மா வேஷம் கட்டப் போயிட்டா இவ இடுப்புதான் உனக்கு. நான் தூக்கினா கத்துவே. இவ கல்யாணம் கட்டிப் போனப்ப ஜுரம் வந்து படுத்தே, துளசக்கா துளசக்கான்னு. நாயனா எதிர்ல யாரும் அந்தப் பேர் சொல்லக்கூடாது, நீ மட்டும் சொன்னே."

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தக் குழந்தையின் கை துளசியின் கழுத்துச் சங்கிலியை முறுக்கிப் பிடித்திருந்தது. கிராபிக்ஸ் வேலை எதுவுமில்லாத சாதாரணப் படம்.

"பெருசாக்கு," என்றான் என்னிடம். ஆக்கினேன். "இன்னும்." முகம் புள்ளிகளாகச் சிதறும்வரை ஆக்கினேன்.

வெளியே போய்விட்டான். திரும்பி வந்தபோது கையில் புணுகுலு பொட்டலம், சின்னச் சின்ன போண்டா. எண்ணெய் ஊறிய காகிதத்தை விரித்து முதலில் துளசி பக்கம் நீட்டினான்.

"சூடா இருக்கு," என்றான். அவன் சொன்ன மன்னிப்பு அவ்வளவுதான்.

அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். "உப்பு கம்மி," என்றாள். அதுவும் அவ்வளவுதான். ஆனால் பொட்டலத்தை அவளே காலி செய்தாள்.

பிறகு அந்த உருவத்தை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. அழிப்பது சுலபம்.

"அழிச்சிடு அரவம்," என்றாள் துளசி. "புராண ராஜா வேட்டைக்கு வர்ற காட்டுல தாவணி போட்டவ எப்படி நிப்பா? பாபட்லா ஜனம் சிரிக்கும்."

"அழிச்சா கைய ஒடிப்பேன்," என்றான் மாதவராவ்.

"நாயனா வரையாதது நாயனா காட்டுல இருக்கலாமா?"

"நாயனா பக்கத்துல நின்னுதானே எடுத்தாரு பாவா? இவ நிக்கறது அவருக்குத் தெரியாதா? போன்னு சொல்லலையே?"

மாதவராவ் வாயிலிருந்து வந்த அந்த 'பாவா' எல்லார் காதிலும் விழுந்தது. யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

சுகுணம்மாதான் தீர்த்து வைத்தாள். "தாவணிய இலைப் பச்சையா அடிப்போம். கழுத்துல ரெண்டு மணிமாலை. வேடுவச்சி பிள்ளையோட நிக்கறா. காட்டுல வேடுவச்சி இல்லாம துரைசானியா இருப்பா?"

துண்டுகளைக் கம்ப்யூட்டரில் ஒட்டினேன். மரத்துக்கு மரம், கிளைக்குக் கிளை பொருந்தவேண்டும். அச்சை அடர்த்தியாக அடிக்கவில்லை. மேலே சாயம் பூச வசதியாக, லேசான சாம்பலில், பருத்தித் துணியில், பட்டை பட்டையாக அடித்தேன். மண்டலிப் பெண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து பட்டைகளை இணைத்துத் தைத்தார்கள். மழை விட்டிருந்தது. தெனாலியில் ஒரு அரிசி மில் களத்தில் திரையை விரித்தபோது சாம்பல் காடு ஒன்று தரையோடு படுத்துக் கிடந்தது. பெண்கள் புடவையைச் செருகிக்கொண்டு அதன்மேல் இறங்கினார்கள். ஒருத்தி ஆறு, ஒருத்தி பாறை. வஜ்ஜிரம் கொதிக்கிற நாற்றம் மில் முழுக்க. துளசி சாயம் கரைக்க, சுகுணம்மா பூசினாள்.

காட்டில் சண்டை இல்லை. தர்பாரில் வந்தது.

"தூணெல்லாம் பச்சை," என்றாள் சுகுணம்மா.

"செவப்பு. கரைச்சவ நான்."

"முன்னால நின்னு ஆடினவ நான். உனக்கப்புறம் நாப்பத்தஞ்சு வருஷம் பாத்திருக்கேன்."

"எமனுக்குக் கண்ணு எதுக்கு? கயிறுதானே."

என்னைக் கேட்டார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தச் சிவப்பும் அந்தப் பச்சையும் ஒரே சாம்பல்தான், நான் என்ன சொல்ல? மாதவராவ் எழுந்து போய், கொடியில் கிடந்த பழைய தர்பார்த் துணியை எடுத்து வந்தான். ஓரத்தில் மடித்துத் தைத்திருந்த இடத்தைப் பிளேடால் பிரித்தான். மடிப்புக்குள் மழை போகவில்லை. விரல் அகலத்துக்குப் பழைய சாயம் அப்படியே இருந்தது.

கத்தரிப்பூ ஊதா.

மூன்று பேரும் அதைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். முதலில் சிரித்தது துளசி. "ஆமா! நாயனா செவப்பு கரைக்கச் சொல்லிட்டு, கடைசியில நீலத்த ஊத்திட்டாரு. திட்டுனேன்." சுகுணம்மா சிரிக்கத் தொடங்கியதும் மில் தகரமெல்லாம் அதிர்ந்தது.

வேடுவச்சியைக் கடைசிவரை யாரும் தொடவில்லை. சாயம் பூச வேண்டிய நேரத்தில் துளசி எழுந்து போய்விட்டாள். சுகுணம்மா தரையில் குப்புறப் படுத்து, சின்னத் தூரிகையால், அக்காவின் முகத்தைத் தானே வரைந்தாள். குழந்தைக்கு மாதவராவ் சாயம் பூசுவேன் என்று அடம்பிடித்து, கன்னத்தில் ரோஸ் அதிகமாக அப்பிவிட்டான்.

"கொஞ்சம் ஓவரா இருக்கே," என்றேன்.

"ராஜா வேஷம் கட்டப் போற பையன். இருக்கட்டும்."

பாபட்லாவில் முதல் நாள். கடல் பக்கமிருந்து காற்று. சிவன் கோயிலில் விளக்கேற்றிவிட்டு ஈரத் தலையோடு ஜனம் நேராகக் கொட்டகைக்கு வந்தது. பாய் நிறைந்து, நாற்காலி நிறைந்து, மூங்கில் தட்டிக்கு வெளியேயும் ஆட்கள். கொட்டகைக்காரர் என்னிடம், "துணியில அச்சடிச்சதாமே, ஒப்பேறுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆஞ்சநேயுலுவை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். துளசி பக்கவாட்டில் டிரங்குப் பெட்டிமேல், வேஷக்காரர்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

தர்பார் முடிந்தது. அதற்கே நல்ல கைதட்டல். விளக்கை அணைத்துப் போட்டபோது காடு இறங்கியிருந்தது.

ஒரு சத்தமில்லை. ஆலமரம், விழுது, ஆறு, மான், ஓரத்தில் பிள்ளையோடு அவள். முன்வரிசைக் குழந்தைகள் எழுந்து ரெண்டடி பின்னால் போயின. அப்புறம் பின்பாயிலிருந்து ஒருத்தன் கத்தினான்:

"ஒன்ஸ் மோர்!"

நாடகத்தில் பத்யம் என்ற செய்யுளை நன்றாகப் பாடினால் அங்கே அப்படிக் கத்துவார்கள். பாடியவர் மறுபடி பாடவேண்டும், வேறு வழியில்லை. துணிக்கு யாரும் ஒன்ஸ் மோர் கேட்டு நான் பார்த்ததில்லை. கொட்டகை மொத்தமும் பிடித்துக்கொண்டது. சுகுணம்மா எமன் மீசையோடு பக்கவாட்டிலிருந்து, "ஏத்துடா! ஏத்தி எறக்கு!" என்று கயிற்றுக்காரனைப் பார்த்துக் கத்தினாள். காடு மேலே போயிற்று. திரும்ப இறங்கிற்று. தரை அதிர்ந்தது.

வேட்டைக்குக் கிளம்பிய ராஜா வில்லோடு மேடைக்கு வந்து நின்றான். வாயைத் திறக்க விடவில்லை. பாயிலிருந்து ஒரு பெண் எழுந்து, "ராஜா! அந்த வேடுவச்சி யாரு? உசுரோட நிக்கற மாதிரி இருக்கா!" என்றாள்.

நாடகத்தில் அதற்கு வசனம் கிடையாது. மாதவராவ் திரும்பித் திரையைப் பார்த்தான். பக்கவாட்டில் டிரங்குப் பெட்டியைப் பார்த்தான். துளசி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அவன் வில்லைக் கீழே வைத்துவிட்டு, ராஜா குரலிலேயே, கடைசித் தட்டிவரை கேட்கும்படி சொன்னான்:

"எங்க பெரியக்கா துளசி. இடுப்புல இருக்கறது நான்."

அதன் பிறகு எழுந்த சத்தத்தில் ஹார்மோனியக்காரர் வாசிப்பதையே நிறுத்திவிட்டார். முன்வரிசையில் ஆஞ்சநேயுலு நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்று, நடுங்குகிற இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கித் தட்டினார். பக்கவாட்டில் துளசி குங்குமக் கிண்ணத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்துவிட்டது, துடைக்கக் கை வரவில்லை. எமன் போய் தன் கறுப்பு அங்கவஸ்திரத்தால் துடைத்துவிட்டான்.

"ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"

"என்னடா பாத்துட்டு நிக்கறே?" என்றாள் துளசி கயிற்றுக்காரனிடம். "ஜனம் கேக்குது இல்ல? ஏத்து."